மேயவிட்டு வளர்க்கும் கோழிகளை யார் பிடிக்கிறார்கள், எப்படித் தடுப்பது?

கேள்வி இதுதான்: புறக்கடையில் 1 சேவலும் 14 பெட்டைகளும் பகலில் மேய்கின்றன, இரவில் கூண்டில் அடைகின்றன. ஒரே மாதத்தில் 9 குஞ்சுகள் 3 ஆகிவிட்டன. ஒரு நாள் காலையில் கூண்டுக்குள்ளேயே 2 பெட்டைகள் செத்துக் கிடந்தன, ஒன்றுக்குத் தலை இல்லை. அடுத்த வாரம் இன்னும் 2 பெட்டைகள் பட்டப்பகலில் காணாமல் போயின, ஒரு இறகுகூடச் சிக்கவில்லை. பருந்து வட்டமிடுவதைப் பார்த்ததால் மேலே வலை கட்டலாமா, எந்த வலை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அடைத்து வளர்க்க மனமில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

வலை வாங்கும் வேலையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று சம்பவங்களும் ஒரே ஆள் செய்த வேலையாகத் தெரியவில்லை. மூன்றில் ஒன்றில் மட்டும்தான் பருந்துக்குப் பங்கு இருக்கலாம். கோழி வளர்க்கும் எல்லோரும் செய்கிற தவறு இது, நானும் செய்திருக்கிறேன். பருந்து கண்ணுக்குத் தெரிகிறது, வானத்தில் நின்று நம்மை எரிச்சலூட்டுகிறது, அதனால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. பெரிய சேதத்தைச் செய்கிறதோ நாம் தூங்கும்போது வந்து போகிற, நாம் ஒரு முறைகூடப் பார்க்காத ஏதோ ஒன்று.

முதலில் எடைக் கணக்கு. வட்டமிடுகிற கள்ளப்பருந்தின் எடையே ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. வல்லூறு அதைவிடச் சின்னது, 200 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு பறவை தன் எடைக்கு மேல் தூக்கிக்கொண்டு பறப்பது பெரும்பாடு. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழியை இவை தூக்கிக்கொண்டு போகவே முடியாது. குஞ்சைத் தூக்கும், இளம் கோழியைத் தாக்கும், அவ்வளவுதான். பெரிய வகைக் கழுகோ வைரியோ வளர்ந்த கோழியை அடிக்கும்போதுகூட, அடித்த இடத்திலேயே உட்கார்ந்து இறகைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் தின்னும். அந்த இடத்தில் இறகு வட்டமாகச் சிதறிக் கிடக்கும். இறகே இல்லாமல் ஒரு முழுக்கோழி மறைந்தால், வாயில் கவ்விக்கொண்டு நடந்துபோன விலங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: நரி, நாய், காட்டுப்பூனை. காணாமல் போன அந்த 2 பெட்டைகளைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து கூண்டுக்குள் செத்துக் கிடந்தவை. இது இரவில் வந்த ஆள். கீரி பெரும்பாலும் பகலில் திரிகிற பிராணி, ஆகவே அதை இந்தக் கணக்கில் இருந்து கழித்துவிடலாம். மரநாய் அல்லது புனுகுப்பூனை என்பதுதான் என் ஊகம். இவை கழுத்தையும் தலையையும் கடித்துக் கொல்லும், ஒன்றோடு நிறுத்தாது. காலையில் பார்ப்பவர்கள் "ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டது" என்பார்கள். இந்த விலங்குகள் எதுவும் அப்படி உறிஞ்சிக் குடிப்பதில்லை. கழுத்தில் பட்ட கடி, ரத்தம் இறகுக்குள்ளும் தரையிலும் போயிருக்கும், உடம்பு அப்படியே கிடப்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. ஏன் தின்னாமல் இத்தனையைக் கொல்கிறது என்றால், திறந்த வெளியில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், வேட்டை அங்கே முடிந்துவிடும். கூண்டுக்குள் ஓட வழியில்லாமல் கோழிகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. அந்தப் படபடப்பு நிற்கும்வரை வந்த விலங்கு கடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டையுள்ள கூண்டு, கூண்டே இல்லாததைவிட மோசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தலை மட்டும் இல்லாத கோழி கம்பிவலையை ஒட்டிக் கிடந்தால் இன்னொரு வழியும் உண்டு. விலங்கு உள்ளே வரவே இல்லை. வலையை ஒட்டித் தூங்கிய கோழியின் தலையை வெளியில் இருந்தே இழுத்திருக்கிறது. ஆந்தையும் சில நேரம் தலையை மட்டும் எடுக்கும், ஆனால் மூடிய கூண்டுக்குள் ஆந்தைக்கு வேலை இல்லை.

மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். பல கோழிகள் குதறப்பட்டு, தின்னாமல், தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நாய். அதுவும் பெரும்பாலும் காட்டு நாய் இல்லை, யாரோ சோறு போட்டு வளர்க்கிற நாய்தான். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. ஓடு உடைந்து அங்கேயே கிடந்தால் காகம், கீரி, எலி, இல்லையென்றால் முட்டை குடிக்கப் பழகிய உங்கள் கோழியே. செத்த குஞ்சின் தலையும் தோளும் மட்டும் எச்சில் பட்டதுபோல ஈரமாக ஒட்டிக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது. இரவில் தாயின் கீழிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சுவரோரத்தில் புது வளை தெரிந்தால் பெருச்சாளி.

ஊகத்தோடு நிற்காதீர்கள். இன்று மாலை கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த சாம்பலோ நுண்மணலோ தூவி, விளக்குமாற்றால் லேசாகச் சமன்படுத்துங்கள். ஒரு முறை கோழி தின்ற விலங்கு அடுத்த சில இரவுகளுக்குள் பெரும்பாலும் திரும்பி வந்து பார்க்கும். காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன் போய்க் குனிந்து பாருங்கள். 4 விரல், நகக்குறி இல்லாமல் உருண்டையாக இருந்தால் பூனை இனம். 4 விரலும் நகக்குறியும் சேர்ந்து இருந்தால் நாயோ நரியோ. 5 விரல் பதிந்திருந்தால் மரநாய். கோடு இழுத்ததுபோல வளைந்து போனால் பாம்பு.

எனக்கு இந்தச் சாம்பல் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு கொக்கி, அதற்கு மேல் ஒரு கல் என்று வைத்திருந்தேன். இருந்தும் 2 இரவில் 5 கோழிகள் போயின. மூன்றாம் நாள் சாம்பல் தூவினேன். கதவுப் பக்கம் ஒரு தடமும் இல்லை. கூண்டின் பின்பக்கம், சுவரை ஒட்டி, 5 விரல் தடம் வந்து சுவரடியில் முடிந்துவிட்டது. திரும்பிப் போன தடம் வேறொரு மூலையில் இருந்தது. அப்படியானால் மேலே ஏறியிருக்கிறது. ஏணி போட்டுப் பார்த்தேன். கூரைத் தகரம் நெளிநெளியாக இருக்கிறதல்லவா, அந்த நெளிவுக்கும் கீழே இருந்த சட்டத்துக்கும் நடுவே வரிசையாக இடைவெளிகள். பெரும்பாலானவற்றில் கட்டைவிரல்தான் நுழையும். ஓர் ஓரத்தில் சட்டம் வளைந்து விலகியிருந்த இடத்தில் மட்டும் என் முழு முஷ்டி போனது. அந்த விளிம்பில் சாம்பல்நிறத்தில் 3 முடிகள் ஒட்டியிருந்தன. 4 வருடம் தினமும் கதவைப் பூட்டியவன் ஒரு நாள்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை கூண்டுதான். பகலில் மேயும் கோழிக்கு முழுப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். இரவில் அப்படி இல்லை. இரவுச் சேதத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடலாம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அதன் விழித்திரை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றதாக அமைந்தது, மங்கிய ஒளியில் பார்க்கத் தேவையான செல்கள் குறைவு. இருட்டியபின் பக்கத்தில் இருக்கும் கோழியைக் கடித்து இழுத்தாலும் இது அசையாமல் உட்கார்ந்திருக்கும். காட்டுக்கோழி உயரமான கிளையில் ஏறி அடைவதும் இதனால்தான். வீட்டுக்கோழிக்கு அந்தக் கிளைக்குப் பதில் நாம் கட்டிக்கொடுக்கும் கூண்டு.

வலையைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். தேன்கூடு போல அறுகோணக் கண்கள் உள்ள மெல்லிய கம்பி வலையைக் 'கோழி வலை' என்றே விற்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கு, மற்றது உள்ளே வராமல் தடுப்பதற்கு இல்லை. முறுக்கிய மெல்லிய கம்பி, ஒரு நாய் பல்லால் பிடித்து இழுத்தால் 2 நிமிடத்தில் பிரிந்துவிடும். கண் பெரிதாக இருப்பதால் பாம்பும் எலியும் சாதாரணமாகப் புகும். கூண்டுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள, குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்த இரும்பு வலை, வெல்டு மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை கூடுதல்தான். கூண்டு முழுவதற்கும் கட்டுப்படியாகவில்லை என்றால் தரையிலிருந்து 3 அடி உயரம் வரையும், காற்றுத் துவாரங்களுக்கும் மட்டும் இதைப் போட்டு, மற்ற இடங்களைப் பலகையாலோ தகரத்தாலோ அடையுங்கள். ஆணியடித்து மடக்கிவிடாமல், வலையின் விளிம்பை மரப்பட்டையால் அழுத்தித் திருகாணி போடுங்கள். வலை நடுவில் அறுவதில்லை, ஓரத்தில்தான் பிரியும்.

இடைவெளிக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நுழையும் ஓட்டை எதுவாக இருந்தாலும் அதை அடைக்க வேண்டும். குட்டி எலிக்கு அரை அங்குலம் போதும், வளர்ந்த பாம்புக்கு ஒரு அங்குலம் தாராளம். பகலில் கூண்டுக்குள் நீங்களே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. காற்றோட்டம் வேண்டாமா என்றால் கட்டாயம் வேண்டும், எச்சத்தின் நெடி கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். கோழி அடையும் உயரத்துக்கு மேலே அகலமான துவாரம் வைத்து அதற்கு இந்த வலையைப் போடுங்கள். துவாரத்தை அடைத்துவிட்டுக் கோழியைப் புழுங்கவிடுவது பாதுகாப்பு ஆகாது.

தோண்டுகிற விலங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவர் தரையைத் தொடுகிற அதே இடத்தில்தான் தோண்டும். இரண்டடி தள்ளிப்போய்ச் சுரங்கம் தொடங்கலாம் என்கிற யோசனை அதற்கு வருவதில்லை. அதனால் வலையைச் செங்குத்தாக ஆழப் புதைக்கச் சிரமப்பட வேண்டாம். ஒன்றரை அடி அகல வலையைச் சுவரடியில் இருந்து வெளிப்பக்கமாகத் தரைமேல் படுக்கவைத்து, சுவரோடு இணைத்து, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிடுங்கள். புல் முளைத்து வலையைப் பிடித்துக்கொள்ளும். நரியும் நாயும் வந்து கீறும், நகத்தில் கம்பி படும், நகர்ந்து போகும். கூண்டையே இரண்டடி உயரக் கால்கள்மேல் நிறுத்தினால் இந்தத் தொல்லை இன்னும் குறையும், அடியில் எலி வளை வைக்கவும் முடியாது. ஆனால் அரையடி உயரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த அரையடி இருட்டு எலிக்கும் பாம்புக்கும் அருமையான வீடு.

அடையும் கம்பு வலைச்சுவரில் இருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். தாழ்ப்பாள் தானாகத் திறக்காத வகையாக, இரண்டு அசைவு தேவைப்படுவதாக இருக்கட்டும். ரக்கூன் உள்ள நாடுகளில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும், அது சாதாரணக் கொக்கியைக் கையால் தூக்கித் திறந்துவிடும்.

இத்தனையும் செய்தபின் மிச்சம் இருப்பது நம்முடைய மறதி. எத்தனையோ கோழிகள் நல்ல கூண்டு இருந்தும் செத்தது, அன்று ஒரு நாள் கதவு சாத்தப்படாததால்தான். கோழி அடைகிற நேரம் பருவத்துக்கேற்ப மாறும், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தானாகச் சாத்தும் கதவுகள் இப்போது கிடைக்கின்றன, நேரத்தை வைத்தோ வெளிச்சத்தை வைத்தோ இயங்கும். நல்ல பொருள்தான். ஆனால் மேகம் கவிந்த மாலையில் அது சீக்கிரமே சாத்திக்கொண்டு, கடைசியாக வந்த கோழி வாசலில் நிற்கும். அந்தக் கோழியை மரநாய்க்கு நாமே தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல ஆகும். எந்தக் கதவாக இருந்தாலும் தினமும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒரு நிமிட வேலை.

மரத்தில் அடைகிற கோழி உண்டா? மரநாய் மரம் ஏறுகிற பிராணி, ஆந்தைக்கும் அங்கே தடை இல்லை. அந்தக் கோழியை 4, 5 நாள் கூண்டைவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்து பிறகு விட்டால், பெரும்பாலும் அதையே வீடாக எடுத்துக்கொள்ளும். மாலைத் தீவனத்தைக் கூண்டுக்குள் மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போது தினமும் ஒரே ஓசை எழுப்புங்கள், டப்பாவைத் தட்டினாலும் சரி. ஒரு வாரத்தில் பழகிவிடும். பகலில் ஆபத்து வரும்போதும் அதே ஓசையால் மொத்தத்தையும் உள்ளே அழைத்துவிடலாம்.

சரி, பகலுக்கு வருவோம். அடைத்து வளர்க்க மனமில்லை என்றீர்கள், அடைக்க வேண்டாம். நேரத்தை மட்டும் சுருக்குங்கள். விடியற்காலையும் அந்தி நேரமும்தான் நரி, காட்டுப்பூனை போன்றவை அதிகம் நடமாடும் நேரம். வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே அழைத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். தாமதமாகத் திறப்பதில் இன்னொரு லாபம், முட்டையில் பெரும்பகுதியைக் கூண்டுக்குள்ளேயே இட்டுவிடும், புதர் புதராகத் தேட வேண்டியதில்லை.

பருந்துக்கு நல்ல மருந்து வலை இல்லை, புதர்தான். சுத்தமாகப் பெருக்கி வைத்த வெட்டவெளி நமக்கு அழகு, பருந்துக்கும் வசதி. கோழி எங்கே நின்றாலும் 5, 6 எட்டில் ஓடி நுழைய ஒரு மறைப்பு வேண்டும்: தாழ்ந்து படர்ந்த செடி, சாய்த்து வைத்த தகரம், பழைய மேசை, இரண்டு பலகையைக் கூரைபோல முட்டுக்கொடுத்து வைத்தாலும் போதும். கோழிகள் தாமாகவே ஒரு மறைப்பிலிருந்து அடுத்ததுக்கு என்று மேயப் பழகிக்கொள்ளும். வேலியை ஒட்டி அடர்ந்த புதர் இருந்தால் மட்டும் அதை வெட்டிவிடுங்கள், அது கோழிக்கு ஒளிவிடம் ஆகாது, பூனைக்கும் கீரிக்கும் பதுங்கிடம் ஆகும். மறைப்பு நடுவில் வேண்டும், ஓரத்தில் வேண்டாம்.

உங்கள் சேவலை ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். வானத்தில் ஏதாவது தெரிந்தால் அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும், மெல்லிய, நீண்ட, இழுத்த ஒரு குரல் கொடுக்கும். நாயோ பூனையோ வந்தால் அந்தக் குரல் இல்லை, கொக்கொக்கொக் என்று விட்டுவிட்டு உரக்கக் கத்தும். இரண்டும் வெவ்வேறு செய்தி. 1993இல் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய மூவரும் இந்தக் குரல்களைப் பதிவு செய்து, எந்த விலங்கும் இல்லாத இடத்தில் பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டிய ஆய்வு வெளிவந்தது. வானக் குரலுக்குப் பெட்டைகள் மறைப்பை நோக்கி ஓடிப் பதுங்கின, தரைக் குரலுக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தன. ஒரு விழிப்பான சேவல் இருப்பது பகல் காவலில் பாதி. ஆனால் ஓடி ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் சேவல் கத்தி என்ன பயன்? அதனால்தான் புதரை முதலில் சொன்னேன். நெற்றிக் கொண்டை கண்ணை மறைக்கிற ரகங்களும் உடல் பெருத்து ஓட முடியாத ரகங்களும் மேய்ச்சலுக்கு ஏற்றவை இல்லை. அவற்றுக்கு மேல்மூடிய வேலிதான் சரி.

குஞ்சுகள் தனிக் கதை. காணாமல் போன உங்கள் 6 குஞ்சுகளில் காகத்துக்கும் பருந்துக்கும் எத்தனை, கீரிக்கு எத்தனை என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை, ஏனென்றால் தீர்வு ஒன்றே. முதல் 6 முதல் 8 வாரம் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்து மேலும் பக்கமும் வலை போட்ட, தூக்கி நகர்த்தக்கூடிய சட்டத்துக்குள் மேயவிடுங்கள். தினமும் ஒரு முறை இடம் மாற்றினால் புதுப்புல், புதுப்பூச்சி. நீங்கள் கேட்ட மேல்வலை இங்கேதான் கட்டாயம், அதுவும் சின்ன இடத்துக்கு மட்டும். தாய்க்கோழி காகத்தோடு சண்டை போடும், பருந்தின் மீதும் பாயும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காகங்கள் இரண்டாக வரும். ஒன்று முன்னால் நின்று தாயைச் சீண்டும், அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தும்போது மற்றது பின்னால் வந்து குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். அந்தத் தந்திரத்துக்குத் தாயிடம் பதில் இல்லை. பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது பகலில் கண்பார்வையில் இருக்கும் நேரத்துக்குச் சரி, இரவுக்குப் போதாது. பின்னலுக்குள் பாம்பு நுழையும், பூனை அதைத் தள்ளிக் கவிழ்த்துவிடும்.

நாய்த்தொல்லை உள்ள இடமாக இருந்தால் 5 அடி வேலி வேண்டும். மின்வேலி நன்றாக வேலை செய்யும், ஏற்கெனவே உள்ள வேலிக்கு வெளியே தரையிலிருந்து அரையடியிலும் ஓரடியிலும் இரண்டு கம்பி ஓட்டினாலே போதும். மோந்து பார்க்க வருகிற மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கும். அதற்கென்று செய்த, விநாடிக்கு ஒரு துடிப்பு மட்டும் அனுப்புகிற கருவியைத்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது மனிதரைக் கொல்லும், அதைப் பற்றி யோசிக்கவே கூடாது. கம்பியைப் புல் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், ஆகவே வேலியடியை அடிக்கடி செதுக்க வேண்டும். வாங்கும்போது யாரும் சொல்லாத வேலை இது.

காவல் நாய் வளர்க்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். நல்ல நாய் போல எதுவும் இல்லை. ஆனால் அது நல்ல நாயாக ஏறக்குறைய இரண்டு வயது ஆகும். அதுவரை விளையாட்டாகவே அது கொல்லும் கோழிகளின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்து, கினிக்கோழி எல்லாம் சத்தம் போடும், எழுப்பிவிடும். காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக. பூண்டு, கந்தகம், ரசக்கற்பூரம் எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது சிந்திய தீவனத்துக்காக. இரவில் தீவனத் தட்டை எடுத்து இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுங்கள், விறகுக் குவியலைக் கூண்டில் இருந்து தள்ளி வையுங்கள். மெல்லிய நைலான் வலையைத் தரையோடு சுருட்டிப் போடாதீர்கள். பாம்பு அதில் சிக்கிக்கொள்ளும், காலையில் கோபமான நாகத்தை அவிழ்த்துவிடும் வேலை நமக்கு வந்துசேரும். கூண்டுக்குள் கை விடும் முன், முட்டை எடுக்கவே ஆனாலும், விளக்கடித்துப் பாருங்கள்.

பளபளக்கும் தட்டு, பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்கும் சிவப்பு விளக்கு இவையெல்லாம் சில நாள் வேலை செய்யும். ஒரே இடத்தில் தொங்கினால் பருந்து அதைப் பழகிக்கொள்ளும், இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதல் காலம் ஓடும். நான் இவற்றுக்குச் செலவு செய்வதில்லை.

விஷம் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மரநாய்க்கு வைத்ததை உங்கள் நாய் தின்னும், விஷம் தின்று செத்த எலியை ஆந்தை தின்னும், எலி பிடித்துக்கொண்டிருந்த ஆந்தை செத்தபின் எலி பெருகும். சட்டமும் விடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்து, கீரி, மரநாய், உடும்பு எல்லாவற்றையும் காக்கிறது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பருந்தையும் ஆந்தையையும் தொடக் கூடாது, பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைகளுக்குக் காவல். சட்டத்தை விடுங்கள், ஒரு மரநாயைப் பிடித்துத் தொலைவில் விட்டால் அந்த இடத்துக்கு அடுத்த மரநாய் வரும். அடைக்காத ஓட்டை அடைக்காத ஓட்டைதான்.

உங்களிடம் கடி பட்டுப் பிழைத்த கோழி ஏதும் இருந்தால் தனியாக, இருட்டான, கதகதப்பான பெட்டியில் வையுங்கள். காயத்தை உப்புநீரால் நன்றாகக் கழுவுங்கள். பூனை, நாய்ப் பல்லின் குத்துக்காயம் வெளியே புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் பிடிக்கும், கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், புழு வைத்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். மற்ற கோழிகளோடு உடனே விடாதீர்கள், ரத்தத்தைக் கண்டால் அவையே கொத்தும். செத்தவற்றை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், குப்பையில் எறிந்தால் அதுவே அடுத்த விருந்தாளிக்கு அழைப்பு.

இப்போது அந்தச் சந்தேகம். இறகு இல்லை, ரத்தம் இல்லை, கூச்சல் கேட்கவில்லை, பட்டப்பகலில் இரண்டு பெட்டைகள் மாயம் என்றீர்கள். நரியாக இருக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்றாவது எங்கோ புதருக்குள் முட்டையிட்டு அடை உட்கார்ந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. கடந்த சில வாரங்களில் முட்டை எண்ணிக்கை குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழும், 15, 20 நிமிடம் அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, பெரிய உருண்டையாக எச்சமிட்டு, இறகை உப்பிக்கொண்டு க்ளக் க்ளக் என்றபடி திரும்பிப் போய்விடும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாக அது இருந்தால் 21 நாளும் உங்களுக்குத் தெரியாமலே போகும். ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து, தீவனத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள். வந்தால் பின்னாலேயே ஓடாதீர்கள், பார்ப்பது தெரிந்தால் வேறு பக்கம் சுற்றிக் காட்டும். தொலைவில் இருந்து பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டு, இருட்டியபின் விளக்கோடு போய்க் கோழியையும் முட்டைகளையும் ஒரே கூடையில் எடுத்துவந்து, ஓட்டை அடைத்த கூண்டின் ஒரு மூலையில் மறைப்புக் கட்டி வையுங்கள். கையைக் கொத்தும், தடித்த துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள்.